ஜெபத்தாளில் பதினேழாவது

பிப்ரவரி 9

பொடிசுக்கு,

எப்போதும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இன்று அது கைக்கு வரவில்லை.

உங்கள் ஜெபக்குழு அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. குழந்தைக் குல்லாய் இருபத்து நான்கு, கால் உறை பதினெட்டு ஜோடி. ஒன்றுகூட நனையவில்லை. வழக்கம்போல எதிரில் இருக்கும் தையல்கடையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். தபால்காரர் வரும் நேரத்தில் கிளினிக்கில் நான் ஒருத்திதான் இருப்பேன், கையுறையைக் கழற்றிவிட்டு ஓட முடியாது என்று பார்சலையெல்லாம் தையல்காரி முகவரிக்கே அனுப்பச் சொன்னேன் அல்லவா, அந்த ஏற்பாட்டால் வந்த வினை இது.

அவள் துணி வாங்கப் போயிருந்தாள். கடையில் அவள் கணவர் இருந்தார். இப்போது பஸ் ஓட்டுகிறார், முன்பு கப்பலில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். பார்சல் ஒரு மூலையில் கிழிந்திருந்ததால் உள்ளே சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே அவர் மனைவிக்கு என்று எழுதிய உறை. உள்ளே ஆங்கிலத்தில் எழுதிய பூப்போட்ட அட்டை.

"அன்பான சகோதரிக்கு, நீங்கள் உங்கள் அக்கா வீட்டில் விட்டுவந்த மகளோடு ஆண்டவர் உங்களைச் சேர்க்கவும், இந்தக் கணவர் மூலமாகவும் ஒரு குழந்தையைத் தரவும் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபிக்கிறோம்." கீழே முப்பத்தெட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து உன்னுடையது.

அவருக்கு அப்படி ஒரு மகள் இருப்பதே தெரியாது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அவருக்கு மட்டுமல்ல, இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. தெருவைக் கடந்து வந்து, நான் ஒரு குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்த மேஜையில் அட்டையை வைத்தார். "சிஸ்டர், இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு போல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாயங்காலம் ஒரு பெட்டியோடு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அக்டோபரில் நான் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார். "உனக்கு மட்டும்" என்று எழுதினேனா இல்லையா? எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு, அவளை உங்கள் ஜெபத்தாளிலிருந்து உடனே எடுத்துவிடு.

அக்கா


பிப்ரவரி 27

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன், பிறகுதான் உட்கார்ந்தேன். நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. இப்படிக் குல்லாயை எண்ணிச் சொல்லிவிட்டு அப்புறம் கத்தியை எடுக்கிறாயே, சின்ன வயதிலிருந்தே உனக்கு இதுதான் வழக்கம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதல் அட்டை அனுப்பலாமே என்று டிசம்பரில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொன்னார். ரிட்டையர் ஆகிப் பன்னிரண்டு வருடமாகியும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காதவர். ஆங்கிலத்தில் மூன்று இடத்தில் இலக்கணம் திருத்தினார். எல்லாரும் அட்டையைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். அதில் இரண்டு பேர் அழுதார்கள், அக்கா. முன்பின் பார்க்காத ஒருத்திக்காக அழுதார்கள். அவளுக்கு என்றுதானே எழுதினோம், உறையை ஒட்டித்தானே வைத்தோம்? அடுத்தவர் பெயருக்கு வந்ததை அந்த மனிதர் ஏன் பிரிக்க வேண்டும்?

சரி, உன் அக்டோபர் கடிதம். தேடி எடுத்தேன். நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "எதிர்க்கடைத் தையல்காரிக்குக் குழந்தை உண்டாக நம் குழுவில் ஜெபிக்கச் சொல். கல்யாணத்துக்கு முன் பிறந்த மகள் ஒருத்தி அவளுடைய அக்கா வீட்டில் வளர்கிறாள், ஏழு வயது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது." அவ்வளவுதான். "உனக்கு மட்டும்" என்று எங்கேயும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். குழுவில் சொல்லச் சொன்னவள் நீ.

என் பங்கையும் மறைக்கவில்லை. தாளைப் பிரதி எடுக்கும் ஸ்டென்சிலில் ஒரு குறிப்புக்கு இரண்டு வரிதான் இடம். அவளுடையது பதினேழாவது குறிப்பு. "வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்பது மூன்றாவது வரிக்குப் போயிற்று. இடமில்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். அதனால் மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் டிசம்பரில் அட்டை கைக்கு வந்தபோது எனக்கு அது நினைவிலேயே இல்லை. எனக்கும் இங்கே வீட்டில் ஆயிரம் வேலை.

ஆனால் பெயரை எப்படி எடுப்பது? நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒரு குறிப்பைத் தாளிலிருந்து எடுத்தால், ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று சாட்சி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆள் செத்துப்போயிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு இதுவரை யாரையும் எடுத்ததில்லை. இப்போதுதான் அவளுக்கு அதிகமாக ஜெபிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே எல்லாரும் நலம். அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார். பையன் பரீட்சைக்குப் படிக்கிறான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பொடிசு


மார்ச் 16

பொடிசுக்கு,

நீ எழுதி அனுப்பியதைப் பார்த்தேன். என் வார்த்தைதான். உன்மேல் பழி போடப் பார்த்தேன், மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன், உனக்கே தெரியட்டும். குழந்தை உண்டாகவில்லை என்று அக்டோபரில் அவள் என்னிடம் வந்தாள். பரிசோதனை செய்தேன். ஏற்கெனவே பிள்ளை பெற்ற உடம்பு என்பது எந்த நர்ஸுக்கும் தெரிந்துவிடும். "முதல் பிரசவம் எப்ப?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அவள் திரைத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "இந்த ரூமைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து உனக்கு எழுதினேன். நர்ஸாக மட்டும் இருந்திருந்தால் என் நாக்கை அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஜெபத்துக்கு என்றவுடன் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. அதைச் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது தெருவுக்கே தெரியும். கணவருடைய அண்ணிக்குத் தெரிந்தால் தனியாகப் பறையடிக்க வேண்டியதில்லை. காலையில் முப்பது பேர் வந்த கிளினிக்குக்கு நேற்று ஆறு பேர் வந்தார்கள். வந்த ஆறு பேரும் குழந்தையை மட்டும் நீட்டினார்கள். தன் உடம்புக்கு என்ன என்று ஒருத்தி சொல்லவில்லை. ஒரு கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருந்தது. "எப்ப இருந்து?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு ஏதாவது ஆனால் அதுவும் நம் கணக்கில்தான் சேரும்.

நேற்று தையல்கடைக்குப் போனேன். ஐந்து வாரமாகத் தைரியம் வரவில்லை. அவள் ஒரு கோட்டின் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நான் யார்கிட்டயும் பேசலை. ஜெபம் பண்றதுக்காகத்தான் எழுதினேன். ஜெபத்தாள்ல பதினேழாவது குறிப்பா ஏத்திட்டாங்க" என்றேன்.

"நீங்க எழுதித்தான் உங்க கடவுளுக்குத் தெரியணுமா?"

"அப்படி இல்ல…"

"அப்ப யாருக்குத் தெரியணும்னு எழுதினீங்க?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள். "அந்தத் தாள்ல நான் பதினேழாம் நம்பர்னு சொன்னீங்களே, உங்க வீட்டு விஷயம் எத்தனாம் நம்பர்?"

நீ எனக்கு மாதாமாதம் அனுப்பி, நான் வாசிக்காமலே வைத்திருந்த தாள்களையெல்லாம் எடுத்துவந்து மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். நம் வீடும் இருக்கிறது. என் முழங்கால் வலி. உன் மகன் பரீட்சை. உன் வீட்டுக்காரருடைய பதவி உயர்வு. ஒரு பெயிண்டர் குடியை விட வேண்டும் என்று பக்கத்தில் இருக்கிறது, ஒரு ஊமைப் பெண்ணுக்கு வந்த வரன் ஏன் தட்டிப்போயிற்று என்று விவரமாக இருக்கிறது, நமக்கு மட்டும் முழங்கால். ஊழியத்துக்கென்று வந்து ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்கு இங்கே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, திரும்பி வந்தால் தோற்றுவிட்டாள் என்பார்கள் என்று பயந்துதான் இருக்கிறேன் என்று ஒரு தாளில்கூட நான் எழுதச் சொன்னதில்லை. இப்போது உனக்கு எழுதுகிறேன்.

உன்னிடமும் அவள் கேட்ட கேள்வியைக் கேட்கிறேன். உன் வீட்டு விஷயம் எத்தனையாவது?

அவளைத் தாளிலிருந்து எடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை புதுத் தாளைக் கொடுத்தவுடன் ஒருத்தி கேட்டாள், "பதினேழு எங்கே? பதில் கிடைச்சிருச்சா? ஸ்தோத்திரம்!" இரண்டு பேர் கைதட்டவே தொடங்கிவிட்டார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன், "பதில் கிடைக்கலை. நம்ம அட்டையை அவ வீட்டுக்காரர் பார்த்துட்டாரு. அந்த வீடு உடைஞ்சுபோச்சு. இனிமே அவளைப் பத்தி இங்க பேச வேண்டாம்." ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எல்லாரும் பழைய தாளைக் கொண்டுவாங்க" என்று மட்டும் சொன்னார். முப்பத்தொன்று திரும்பி வந்தது. அதில் ஒன்றை ஒருத்தி அலமாரித் தட்டில் விரித்து மேலே டம்ளர் அடுக்கியிருந்தாள். மற்ற ஏழும் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன்.

அவர் வேலை விஷயமாக வெளியூரில் இல்லை. போன ஜூலையில் போனவர், அக்கா. அதே ஆபீசில் வேலை பார்க்கும் ஒருத்தியோடு இருக்கிறார். இந்த ஊரிலேயே, பஸ்ஸில் நாற்பது நிமிடம். பையனுக்குத் தெரியும். அவனும் நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பரீட்சையைப் பற்றிப் பேசுகிறோம்.

சபையில் கேட்டபோது பதவி உயர்வு வரப்போகிறது, அதனால் வெளியூரில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். சொன்னவுடன் அதை ஜெபக்குறிப்பாக எழுதிக்கொண்டார்கள். என் கையாலேயே ஸ்டென்சில் வெட்டினேன். நான்காவது குறிப்பு. ஒன்பது மாதமாக முப்பத்தெட்டுப் பேரும் அவருடைய பதவி உயர்வுக்காக வாராவாரம் ஜெபிக்கிறார்கள், நான் நடுவில் உட்கார்ந்து ஆமென் சொல்கிறேன்.

உனக்குப் புரிகிறதா? தாளில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் என்னுடையதை ஏற்றவில்லை. அவளுடையதை ஏற்றும்போது அது தெரியவில்லை, அவள் தூரத்தில் இருந்தாள்.

இதை யாரிடமும் சொல்லாதே. உன்னோடு வேலை செய்கிறவர்களிடமும் வேண்டாம், ஜெபத்துக்கு என்றும் வேண்டாம். ஒரே ஒருத்தியிடம் சொல். அந்தத் தையல்காரியிடம். அவளுடையது எங்கள் எல்லாருக்கும் தெரியும். என்னுடையது அவளுக்குத் தெரியட்டும்.

பொடிசு


ஏப்ரல் 20

என் பொடிசே,

ஒன்பது மாதம். நீ எனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் மறுபடி வாசித்தேன். ஒவ்வொன்றிலும் "அவர் வெளியூரில்" என்று இருக்கிறது, ஒரு தடவைகூட எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பெரிய அக்கா!

உனக்காக ஜெபித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லாமல். அதற்குமேல் யாருக்கும் தெரியாது.

தையல்காரியிடம் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவளிடம் போய் உன் கதையை நீட்டினால், இந்தா இதை வைத்துக்கொள், நம் வழக்கு தீர்ந்தது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒருத்தியுடைய ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து பட்டதெல்லாம் போதும்.

அவள் கணவர் போன வாரம் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அவளோடு பேசுவதில்லை. பஸ் வேலை முடிந்து வந்து கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிறுமியின் வயதை அவளிடம் இரண்டு தடவை கேட்டாராம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கால் வீங்கியிருந்த கர்ப்பிணி வேறு எங்கேயோ போய்ப் பார்த்துக்கொள்கிறாள், அதற்காவது ஸ்தோத்திரம்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா


மே 6

அக்காவுக்கு,

உன்னுடைய வழக்கைத் தீர்க்க நான் சொல்லச் சொல்லவில்லை. தீராவிட்டால் தீரவேண்டாம். என் கையெழுத்து அந்த அட்டையில் முதலில் இருக்கிறது, அவளிடம் நான் வந்து நிற்க முடியாது, அதனால் உன்னை அனுப்புகிறேன். இது உன்னுடையது அல்ல, என்னுடையது. யாரிடம் சொல்வது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அது உனக்குப் புரியவில்லையா?

போய்ச் சொல். கூட ஒன்றும் சேர்க்காதே. மன்னிப்பும் கேட்காதே.

சாப்பிடுகிறேன்.

பொடிசு


மே 24

பொடிசுக்கு,

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவள் கணவர் பஸ்ஸுக்குப் போன பிறகு போனேன். மெஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதுப் பெண்ணின் அளவு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்.

"என் தங்கச்சி ஒரு விஷயம் சொல்லச் சொன்னா. உன்கிட்ட மட்டும்" என்றேன்.

"கார்டுல முதல் கையெழுத்துப் போட்டவளா?"

"ஆமா."

மெஷினை நிறுத்தினாள். நீ எழுதியதைச் சொன்னேன். ஜூலை, ஆபீஸ், நாற்பது நிமிட பஸ், பதவி உயர்வு, ஆமென். நீ சொன்னபடி ஒன்றும் சேர்க்கவில்லை. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். பதவி உயர்வு என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பத்தெட்டு பேருமா?" என்று கேட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"பையன் எத்தனாவது படிக்கிறான்?"

"பன்னிரண்டு."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாம்."

"பேசச் சொல்லுங்க. அவதான் முதல்ல பேசணும், அவன் பேச மாட்டான்" என்றாள். யூனிஃபார்மை மடியில் போட்டு மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தேன்.

"சிஸ்டர், நான் இனிமே உங்க கிளினிக்குக்கு வர மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடை நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். பார்சலையும் இனி அந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம் என்றாள். சரி என்றேன். அழுகை வந்தது, தெருவைக் கடந்து அழலாம் என்று வாசல்வரை வந்துவிட்டேன்.

அங்கே மறுபடி கூப்பிட்டாள்.

"உங்க தங்கச்சி இப்ப பயந்துக்கிட்டு இருப்பா. சொல்லிட்டோமே, இனி என்ன ஆகுமோன்னு தூக்கம் வராது. எனக்குத் தெரியும். அவளுக்கு ஒண்ணு எழுதுங்க."

"என்ன எழுதணும்?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன், பொடிசு. நிம்மதியாகத் தூங்கு. அவள் சொல்ல மாட்டாள்.

அக்கா